அப்பாயி முடிந்து வைத்த காசு

வேன் பேசியாயிற்று. ஆடித் திருவிழா முடிவதற்குள் கதிர்காமம் போகிறோம். இறக்குவானையிலிருந்து மாதம்பைக்கு இறங்கி, கொடகவெல, எம்பிலிபிட்டிய, நோனாகம, அம்பாந்தோட்டை, திஸ்ஸ என்று போகும் பாதை. ஒரு வாரமாக வீட்டில் கருவாட்டு வாசமில்லை. அத்தை காம்பராவைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார். புளிச்சோறு யார் கட்டுவது, வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஷொப்பிங் பேக் யார் எடுப்பது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. முடிவாகாதது ஒன்றுதான்: இது யாருடைய நேர்த்தி?

அப்பாயியின் தகரப் பெட்டிக்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்த இருபத்தைந்து சதக் காசு ஒன்று கிடந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் கும்பல்கள் புகுந்து லயங்களைக் கொளுத்தின. அன்று ராத்திரி அப்பாயி எங்களை எல்லாம் தேயிலைச் செடிக்குள் படுக்க வைத்து, சேலைத் தலைப்பைக் கிழித்து அந்தக் காசை முடிந்தார். “புள்ளைங்கள உசுரோட விட்டா அம்புட்டுப் பேரையும் ஒன் வாசலுக்குக் கூட்டியாறேன் சாமி.” அத்தைக்கு அந்த வார்த்தை மனப்பாடம். கூட்டிப் போகவில்லை. முதலில் காசில்லை, பிறகு ரோட்டில் பயம், அதற்குப் பிறகு அப்பாயிக்குக் கால் இல்லை, கடைசியில் அப்பாயியே இல்லை.

சித்தப்பா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர். வினை செய்தவனையே சேரும், அவங்க வேண்டினது அவங்களோட போச்சு என்கிறார். அத்தை விடவில்லை. “எள்ளுந் தண்ணியும் விட்டா அம்மாவுக்குப் போய்ச் சேரும்னு ஒவ்வொரு அமாவாசைக்கும் விடுறியே, அது மட்டும் எப்படிப் போகுது?” இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் வள்ளுவர் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார் என்று நானும் அத்தைக்காக ஒரு வார்த்தை சொன்னேன். வாத்தியார் புத்தி. வேன்காரர் சிங்களவர், அடுத்த கிராமத்துக்காரர். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. செத்தவர்களுக்காகத் தானம் கொடுத்து, அந்தப் புண்ணியத்தை அவர்களுக்கு அனுப்புவதை அவர் பன்சலையில் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர். டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழமும் அவரே வாங்கிவிட்டார்.

ஆனால் அப்பாயியின் நேர்த்தியை எங்களுக்கு வந்து சேர்ந்த கடன் கணக்காகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் சனத்துக்குக் கடனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதைக் கட்டுகிற தோட்டம் ஆட்களோடு கடனையும் எடுத்துக்கொள்ளும். ஆள் மலை மாறினாலும் கடன் கூடவே நடந்தது. 1921-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். துரையே கைவிட்ட பழக்கத்தை முருகன் வைத்துக்கொண்டிருப்பான் என்று நான் நம்பத் தயாரில்லை.

அப்பாயி சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். காவடி எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்று தன் உடம்பை வைத்து அவர் எதையும் சொல்லவில்லை. எங்களைக் கூட்டிவருவதாகத்தான் சொன்னார். அப்படியென்றால் கொடுப்பதாகச் சொன்ன பொருளே நாங்கள். எங்கள் கால் நடக்காமல் அந்த வார்த்தையை அவர் தனியாக நிறைவேற்றியிருக்கவே முடியாது. உயிரோடு இருந்திருந்தாலும் முடியாது. அப்பா இப்போது இல்லை. மிச்சப் பேராவது போய் நிற்கலாம்.

இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருந்தபோதுதான் கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் அக்கா மகள் கேட்டாள்: “பக்கத்து லயத்துக்காரங்களும் அன்னிக்கு ராத்திரி காசு முடிஞ்சிருப்பாங்கதானே?”

முடிந்திருப்பார்கள். அவர்கள் லயம் எரிந்தது. அந்த வீட்டுத் தாத்தா திரும்பி வரவில்லை. மற்றவர்கள் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். எங்களைக் காப்பாற்றினான் என்று நன்றி சொல்லப் போனால், அவர்களைக் கைவிட்டான் என்பதையும் அதே வாயால் சொன்ன மாதிரி ஆகிறது. சித்தப்பா ஊழ் என்றார். ஊழ் என்று சொல்வது சுலபம். தாத்தாவின் பேத்தியிடம் போனில் சொல்லிப் பார்க்கட்டும். கதிர்காமத்தில் மூலஸ்தானத்துக்கு முன்னால் திரைதான் தொங்குகிறது, சாமியைக் காட்டுவதில்லை. இந்தக் கேள்விக்கு அந்த அமைப்புப் பொருத்தம் என்று ஒரு சமாதானம் எனக்குத் தோன்றியது. கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் வெளியே சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். அப்பாயி நன்றி சொல்வதாக வாக்குக் கொடுக்கவில்லை. எனவே எங்களைத் தேர்ந்தெடுத்ததற்காக நன்றி என்று நான் அங்கே கும்பிடப் போவதில்லை. மாணிக்க கங்கையில் முழுகிவிட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லி நிற்பேன். வவுனியாப் பேத்திக்கும் சொல்லியிருக்கிறோம். அவள் பஸ்ஸில் நேராகக் கதிர்காமத்துக்கு வருகிறாள்.

அக்கா மகளும் வருகிறாள். “வர்றேன் சித்தி, ஆனா கும்பிட மாட்டேன்” என்றாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டியாறேன் என்றுதான் அப்பாயி சொன்னார், கும்பிட வைக்கிறேன் என்று சொல்லவில்லையே என்றேன். அத்தை பதில் பேசாமல் அவள் பெயரையும் வேன் லிஸ்டில் எழுதச் சொன்னார், ஜன்னல் பக்கத்து சீட்டுக்கு.