ஈரம் காயட்டும்

ஒரு மாதத்துத் தண்ணீரை ஒரே நாளில் வாழைக்குப் பாய்ச்சுவீர்களா என்று களக்காட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். தண்ணீர் கட்டி நின்றால் வேர் அழுகும். அடியோடு விட்டுவிட்டால் இலை துவளும். ஈரம் காய வேண்டும். ஆனால் வாழை வாடுவதற்கு முன் மடை திறந்துவிட வேண்டும்.

ஆங்கில வார்த்தைக்கும் இதே கணக்குதான்.

ராத்திரி உட்கார்ந்து ஐம்பது வார்த்தைகளை உருப்போட்டீர்கள். காலையில் பஸ்ஸில் நினைத்துப் பார்த்தால் பத்துகூடத் தேறவில்லை. உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். குறை மண்டையில் இல்லை, பாய்ச்சிய விதத்தில் இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எது எவ்வளவு நேரத்தில் மறக்கிறது என்று பொறுமையாக அளந்தார். 1885-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மறதி முதல் நாளிலேயே மளமளவென்று வருகிறது, அதன்பின் நிதானமாகிறது. அவ்வளவு படித்தவருக்கும் அப்படித்தான் மறந்தது.

ஒரு வார்த்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரிஷபிள். சீக்கிரம் கெட்டுப்போகக்கூடியது, லாரியில் ஏறுகிற வாழைத்தார் மாதிரி. கிழித்த காலண்டர் தாளை, அச்சு உள்ளே போகும்படி இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம். நாளைக்கு ஒரு தடவை பாருங்கள். அர்த்தம் வந்துவிட்டதா? அடுத்தது மூன்று நாள் கழித்து. அப்போதும் வந்ததா? ஒரு வாரம் விடுங்கள், பிறகு ஒரு மாதம். வரவில்லையா? வருத்தம் வேண்டாம், அந்தத் தாள் மட்டும் மறுநாளைக்கே திரும்பட்டும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் அட்டைகளையும் ஒரு பெட்டியையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இன்றைக்கு செல்போனில் ஆன்கி என்ற செயலி செய்வதும் இதே வேலைதான். காலண்டர் தாளுக்கு சார்ஜ்கூடத் தேவையில்லை.

ஒன்றே ஒன்று. தாளைத் திருப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். தெரிந்த வார்த்தைதான், நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. அந்தத் தவிப்பை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். வேர் இறங்குவது அப்போதுதான்.

இன்றைக்கு ஐந்து தாள் போதும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாளைவரை தொட வேண்டாம்.