உடனிருந்தவனை மறக்கலாமா?



“பழையதைக் கிளறாதே, நடந்தது நடந்துபோயிற்று” என்று பெரியவர்கள் புத்தி சொல்வதுண்டு. அநேக காரியங்களில் அது நல்ல புத்திதான். ஆனால் எல்லாவற்றிற்கும் அது பொருந்துமா? ஒருவன் சிறுவயதில் சிலரோடு சேர்ந்து துன்பப்பட்டான். இருபது வருஷம் கழித்து, “அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள்?” என்று தேடிப் போகிறான். அவன் செய்வது வீண் வேலையா, கடமையா? இதை இவ்வாரம் சற்றுச் சிந்திப்போம்.

இதற்கு உதாரணம் அமெரிக்காவில் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், செயின்ட் லாரன்ஸ் நதியோரமாக, ஆக்டன்ஸ்பர்க் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அர்ச். சூசையப்பர் சபைக் கன்னியர்கள் தேவதாயின் பெயரால் ஸ்தாபித்த கல்லூரி 1999-ல் மூடப்பட்டது. 2001-ல் அதே கட்டடங்களில் ஐவி ரிட்ஜ் அகாடமி என்ற வேறொரு ஸ்தாபனம் குடியேறியது. அது கன்னியர்களுடையதல்ல. அடங்காத பிள்ளைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பெருந்தொகை வாங்கிய ஸ்தாபனம் அது.

உள்ளே நடந்ததை அங்கிருந்த பிள்ளைகளே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அனுமதியின்றிப் பேசினால் குற்றம், சன்னலுக்கு வெளியே பார்த்தால் குற்றம். நடத்தைக்கு மதிப்பெண் உண்டு. அது சேரச் சேரப் படி உயரும், ஒரு சிறு குற்றத்தில் இறங்கும். மேற்படிக்கு வந்த பிள்ளை கீழ்ப்படியிலுள்ள பிள்ளையைக் காவல் காத்து, அவன் குற்றங்களைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை மேலாளர் வாசிப்பார். பிள்ளை முறையிட்டால், “இது வீட்டுக்கு வரச் செய்யும் தந்திரம், நம்பாதீர்கள்” என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அங்கே கொடுத்த படிப்புச் சான்றிதழும் செல்லாது என்று மாநில அரசு 2005-ல் தலையிட்டது. 2009-ல் அது மூடப்பட்டது.

பிள்ளைகளைப் பிள்ளைகள் மேல் ஏவும் இவ்வழக்கம் அங்கே பிறந்ததல்ல. 1958-ல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடெரிக் என்பவர் போதைப் பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்காக சினனான் என்ற இல்லத்தைத் தொடங்கினார். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அகப்பட்ட ஒருவனின் குற்றங்களைக் கூச்சலிட்டு எடுத்துச் சொல்வதே அங்கே மருந்து. அதற்கு ‘விளையாட்டு’ என்று பெயர். இதைப் பின்பற்றிய முறைகள் பின்னர் சிறுவர்களுக்கான பல இல்லங்களிலும் பரவின. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இப்படிப்பட்ட இல்லங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2005-ம் ஆண்டில் மாத்திரம் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்று அதில் காண்கிறோம்.

ஐவி ரிட்ஜில் இருந்த காதரின் கூப்ளர் என்ற பெண்மணி, வளர்ந்தபின் தம் பழைய தோழர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு, பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்திற்கே திரும்பிப் போனார். அவர்களைப் பற்றிய கோப்புகள் அங்கேயே கிடந்தன. 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான அவருடைய ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம்.

இவர்கள் ஒருவரையொருவர் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளித் தோழர்கள் சந்தித்தால் சிரித்துப் பேசலாம். இவர்களோ ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும்படி செய்யப்பட்டவர்கள். எதிரில் நிற்கிறவன் தன்மேல் குற்றம் சுமத்தியவனாக இருக்கலாம், தானும் அவன்மேல் சுமத்தியிருக்கலாம். அப்படிச் செய்த பிள்ளை பாவியா?

ஞான சாஸ்திரம் தெளிவாகவே சொல்கிறது. சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். அச்சமும் பலவந்தமும் சம்மதத்தைக் குறைக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளை, வீட்டுக்குப் போக வேறு வழியில்லாமல் தோழன்மேல் குற்றம் சொன்னால், பெரும்பழி அந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்களையே சேரும். எனினும் அடிபட்டவனுக்கு வலி வலிதானே? குற்றம் குறைந்ததென்பதால் கடன் தீர்ந்துவிடாது. அந்தக் கடனைப் பணத்தால் தீர்க்க முடியாது, உண்மையால்தான் தீர்க்கவேண்டும். “அன்று உன்னைப் பற்றி நான் சொன்னது பொய். நீ அழுததைப் பார்த்தேன்” என்று சொல்ல உலகத்தில் வேறு யாரால் முடியும்? பெற்றோர் பார்க்கவில்லை, அதிகாரிகள் எழுதி வைக்கவில்லை. உடனிருந்தவன் ஒருவனே சாட்சி. ஆகையால் அவனைத் தேடிப்போவது நீதியைச் சேர்ந்த கடமை என்றே சொல்லுவேன்.

“அந்த இல்லம்தான் என்னைக் காப்பாற்றியது” என்று சொல்லும் பழைய பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பொய்யரென்று தள்ளலாகாது. ஆனால் சிலருக்கு நன்மை விளைந்ததால் தீய வழி நல்ல வழியாகிவிடாது. நன்மை வரும்பொருட்டுத் தீமை செய்யலாகாது என்பது நாம் சிறுவயதிலேயே படித்த பாடம்.

குற்றத்தை வாய்விட்டுச் சொல்வது நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் மனிதன் தானாக வந்து, தன் பாவத்தை மாத்திரம் சொல்கிறான். கேட்ட குருவின் வாய் முத்திரையிடப்பட்டது. அந்த இல்லங்களிலோ இம்மூன்றும் தலைகீழாயின. மனச்சாட்சியைப் பலவந்தமாய்த் திறப்பது எவ்வளவு ஆபத்தென்று திருச்சபை அறியும். மடங்களின் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழ்ப்பட்டோரைத் தங்களிடம் மனச்சாட்சியைத் திறந்து காட்டும்படி எவ்வகையிலும் தூண்டலாகாதென்று, 13-ம் சிங்கராயர் பாப்பரசர் காலத்தில் 1890-ல் கட்டளை பிறந்தது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலும் அத்தடை இருக்கிறது. ஆனாலும் நம் வீட்டுக் குறையை மறைக்கலாகாது. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமையை 2009-ல் அரசாங்க விசாரணை அறிக்கை வெளியிட்டது. அங்கே வளர்ந்தவர்கள் வயதானபின் வாய்திறந்ததால்தான் அது வெளியே வந்தது.

அமெரிக்காவிலும் அப்படியே. பழைய பிள்ளைகள் பல வருஷம் சேர்ந்து முறையிட்டதன் பலனாக, இத்தகைய இல்லங்களில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கும் நோக்கத்தோடு 2024 டிசம்பரில் ஒரு மத்திய சட்டம் கையெழுத்தாயிற்று. தனித்தனியே சொன்னபோது நம்பப்படாதவர்கள், ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னபோது நம்பப்பட்டார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வழிதவறினால் மனமொடிந்து போவீர்கள். அந்த வேளையில், “எங்களிடம் விட்டுவிடுங்கள், திருத்தித் தருகிறோம்” என்று யாரேனும் சொன்னால் அது தேவ வாக்குப் போலக் கேட்கும். விடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நினைத்த நாளில் வந்து பார்க்கலாமா? பிள்ளை எழுதுவதை வேறொருவர் வாசியாமல் எனக்கு அனுப்புவீர்களா? இங்கே முன்பு இருந்த பிள்ளைகளோடு நான் பேசலாமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஏற்கனவே அப்படியோர் இடத்திலிருந்து திரும்பிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், “உன்னோடு இருந்தவர்கள் யார் யார்?” என்று ஒருநாள் சாவகாசமாய்க் கேளுங்கள். அவன் சொல்லும்வரை பொறுத்திருங்கள். சொன்னால் நம்புங்கள்.