யானையைக் கொல்வது தர்மமா?

பிள்ளையாரைக் கும்பிடுற நமக்கு இந்தக் கேள்வியே மனசைப் பதற வைக்கும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1967 முதல் 1994 வரை 14,000-க்கும் அதிகமான யானைகளைக் கொன்றார்கள். யானை பெருகினால் மரம் அழியும், மரத்தை நம்பிய பறவையும் போய்விடும் என்றார்கள். இந்தக் காரணத்தைச் சும்மா ஒதுக்க முடியாது, பறவையும் உயிர்தானே?

ஆனால் பூங்காவுக்கு வேலி போட்டதும், ஆழ்துளைக் கிணறு தோண்டி வறண்ட காட்டில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் வைத்ததும் மனிதன்தான். தண்ணீர் கிடைத்த இடமெல்லாம் யானை தங்கியது. பிறகு அவர்களே அந்தக் கிணறுகளில் பலவற்றை மூடினார்கள்.

கிணற்றை மூடினால் வறட்சியில் குட்டிகள் சாகலாம். அதுவும் வலிதான். ஆனாலும் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன், நாம் கெடுத்ததை நாமே சரிசெய்ய வேண்டும் தம்பி, தங்கைகளே. அகிம்சை அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.