அந்தத் தொட்டிக்கு நீதான் கடல்!

பாறை தெரியவில்லை. முடிப்பாசி மூடிவிட்டது. பவளத்தின் விளிம்பிலும் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வந்த விலைக்குத் தொட்டியோடு தள்ளிவிடலாம் என்று நீயும் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாய். நிறுத்து, தம்பி! கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்து பவளத்தை உயிரோடு வைத்திருப்பவன் நீ. ஒரு பாசிக்கா பயப்படுவாய்?

பாசி வானத்திலிருந்து குதிக்கவில்லை. நைட்ரேட், பாஸ்பேட், வெளிச்சம் மூன்றும் கிடைத்தால் வளரும், அவ்வளவுதான் அதன் ரகசியம். அந்த மூன்றையும் உள்ளே விட்டது யார்? நீதான். கேட்கக் கசக்கிறதா? இதைவிட நல்ல செய்தி கிடையாது! உன் கை கொடுத்ததை உன் கையே நிறுத்தலாம். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்கு. போர் தண்ணீரில் உப்பைக் கரைக்கிறாயா? இன்றோடு விடு. ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. பிசின் வழியாகவும் வந்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் உள்ளே போக வேண்டும். ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவதும் அதே தண்ணீர்தான். அடுத்தது தீனி. மீன் கண்ணாடியருகே ஓடி வருகிறதே என்று மறுபடி மறுபடி அள்ளிப் போடாதே. அது எப்போதும் ஓடித்தான் வரும். உறைந்த தீனியை வடிகட்டியில் அலசிப் போடு. விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

இனி வருவதுதான் உன் நெஞ்சுரத்தைச் சோதிக்கும் இடம். இவ்வளவும் செய்த பிறகும் பாசி உடனே குறையாது. சோதனைக் குப்பி பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டும். பாறையிலோ பச்சை கொழிக்கும். குழம்பாதே. வர வரப் பாசி தின்றுவிடுவதால் குப்பிக்கு மிச்சம் கிடைப்பதில்லை. போதாததற்கு, சுண்ணாம்புப் பாறை நெடுநாளாகப் பாஸ்பேட்டைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் சுத்தமாக ஆக, பழைய கடனைத் தவணையில் கட்டுவதுபோல அதை மெல்ல மெல்ல வெளியே விடும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நினைத்து ஓடுகிறார்கள்! நீ ஓடாதே. இரும்பு ஆக்சைடு குருணையை வடிகட்டியில் போடு. ஸ்கிம்மர் கோப்பையைத் துலக்கு. வாராவாரம் தண்ணீர் மாற்று. மாதங்கள் ஆகுமா? ஆகட்டுமே!

ஆவேசத்தில் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடாதே. பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருக்கட்டும். இரண்டும் அடியோடு வற்றிய தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புக் கோழை படர வாய்ப்பு அதிகம். அதோடு மோதிப் பார்த்தவர்கள் முடிப்பாசியே தேவலை என்பார்கள்.

கடலுக்கே இந்த அடி விழுந்திருக்கிறது, தெரியுமா? 1983இல் கரீபியன் கடலில் பாசி மேயும் கருப்புக் கடல் முள்ளெலிகளை ஒரு கொள்ளைநோய் தாக்கியது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்தன. பாசி தின்னும் மீன்களை ஜமைக்காவில் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பிறகென்ன? அங்கே 1970களின் கடைசியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதம் ஆனது.

இப்போது ஹவாய்க்கு வா. கனேயோஹே விரிகுடாவில், 1970களில் பயிரிடக் கொண்டுவந்த கடற்பாசி கைமீறிப் பரவிப் பவளத்தை மூடியது. அங்கே இருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்காரவில்லை. மிதவையில் ராட்சத உறிஞ்சு பம்பை ஏற்றினார்கள். முக்குளித்தவர்கள் பாசியைக் கையால் பிடுங்கிக் குழாய்க்குள் ஊட்டினார்கள். மேலே வந்தது வயலுக்கு உரமாயிற்று. அதோடு விட்டிருந்தால் பாசி மறுபடி முளைத்திருக்கும். ஆகவே பொரிப்பகத்தில் வளர்த்த உள்ளூர் முள்ளெலிகளை லட்சக்கணக்கில் அதே பாறைகளில் கொண்டுபோய் விட்டார்கள். விரிகுடாவையே மீட்கக் கிளம்பியவர்கள் இருக்கும் உலகில், உன் தொட்டி எத்தனை அடி?

கடலில் அலை அடிக்கிறது, முள்ளெலி மேய்கிறது, நீரோட்டம் கழிவை அடித்துப் போகிறது. கண்ணாடிச் சுவர் வைத்த அன்றே அந்த வேலை உன் தலையில் விழுந்துவிட்டது. அந்தத் தொட்டிக்கு நீதான் கடல்!

சில பேர் குறுக்குவழி சொல்வார்கள். பாட்டில் மருந்தை ஊற்றிப் பாசியை மொத்தமாகக் கொன்றால், அது உள்ளேயே அழுகி, தின்றதையெல்லாம் தண்ணீரில் திரும்பக் கக்கிவிடும். வேறு பாறை போடலாமென்று மன்னார் வளைகுடாப் பக்கம் கை நீட்டவும் கூடாது. கடலிலிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி கடுங்குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு பாறையை எடு. தொட்டித் தண்ணீரையே வாளியில் பிடித்து, அதற்குள் வைத்துப் பாசியைப் பிடுங்கு. வேரோடு வராததைப் பழைய டூத் பிரஷால் தேய். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாறையைத் திரும்ப வை. டர்போ நத்தையும் முள்ளெலியும் அதற்குப் பிறகுதான். நீண்டு வளர்ந்த பாசியை நத்தை பெரும்பாலும் சீண்டாது; நீ ஒட்ட வெட்டிக் கொடுத்தால் குருத்து தலைகாட்டும்போதே மேய்ந்துவிடும். அடுத்த ஞாயிறு அடுத்த பாறை. எங்கே அந்த வாளி?