மூல ஓலையும் படி ஓலையும்

கிணத்துக்கடவுப் பொன்மலையின் மேல், வேலாயுதசுவாமி சந்நிதிக்கு வெளியேயுள்ள மண்டபத்தில், சென்ற தை மாதத்துக் கிருத்திகையன்று என் காதில் விழுந்த ஒரு சிறு வாக்குவாதம் இன்றுவரை மனத்தை விட்டு அகலவில்லை. எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டுக்கொண்டு, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துத் தேவாரப் பதிகம் ஒன்றை மெல்ல ஓதிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்த உறவினர் ஒருவர், "ஏனுங் மாமா, காலைல தக்காளி வெல கேட்ட அதே பொட்டிலதான் இதையும் படிக்கோணுமுங்களா? ஒரு பொஸ்தகத்த வெச்சுப் படிச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டார். பெரியவர் கோபிக்கவில்லை. "பொஸ்தகத்துல எழுத்துப் பொடிசா இருக்குது மாப்ளே, இதுல பெருசு பண்ணிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருநீற்றை எடுத்து இட்டுக்கொண்டார்.

கேட்டவருடைய சந்தேகத்தை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. புனிதமான சொல்லை ஏந்தும் பாத்திரமும் புனிதமாக இருத்தல் வேண்டும் என்பது நம் ஜனங்களின் நெஞ்சில் ஆழ வேரூன்றிய உணர்ச்சி. காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் இடுவதும் அவ்வுணர்ச்சியின் வெளிப்பாடுகளே. ஆயினும், எழுத்தைத் தாங்கிய பொருள்கள் ஒரு காலத்தில் வியாபாரத்தின் வாடை படாதிருந்தன என்று அவர் எண்ணியிருப்பாரானால், அந்த எண்ணத்தை நம் கொங்குநாட்டு மண்ணே மறுக்கிறது. நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மண்பாண்ட ஓடுகளில், இரும்பு உருக்கியும் மணி அறுத்தும் பிழைத்த மக்கள் தமிழ் பிராமி எழுத்தில் தம் பெயர்களைப் பொறித்திருக்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை, இந்தப் பானை இன்னாருடையது என்ற உடைமைக் குறிப்பே. ஈரோட்டை அடுத்த அறச்சலூர்க் குன்றில் ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆடலுக்கும் இசைக்கும் உரிய தத்தகார அசைகளை வரிசை வரிசையாகப் பாறையில் அமைத்தவன், தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன். வண்ணக்கனாவான், காசையும் மணியையும் சோதித்து மதிப்பிடுபவன். பகலெல்லாம் விலை பார்த்த கை, மாலையில் தாளத்தை எழுதிற்று; அதனால் தாளத்துக்கு மாசு நேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

இதனினும் பெரிய சான்று சுந்தரமூர்த்தி சுவாமிகளின் சரித்திரத்தில் இருக்கிறது. புத்தூரில் மணக்கோலத்தில் வீற்றிருந்த அவரை, நம்பியாரூரரை, தடுத்தாட்கொள்ள முதியவர் கோலத்தில் வந்த இறைவன், வேதத்தையோ ஆகமத்தையோ கையில் ஏந்தி வரவில்லை. நீதிமன்றத்திலும் கடன்காரர் வீட்டிலும் அக்காலத்தில் புழங்கிய அடிமைச் சீட்டு ஒன்றை ஏந்தி வந்தான். ஆரூரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தபோது, திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார்முன் அந்த முதியவர் அமைதியாகச் சொன்ன விடை, கிழிபட்டது படி ஓலையே, மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்பது. அவையத்தார், அந்த ஓலையை எழுதிக் கொடுத்த ஆரூரரின் பாட்டனாரது கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கித் தீர்ப்புக் கூறினர். சேக்கிழார் இந்த வழக்கை இத்தனை விரிவாகப் பாடியிருப்பதை ஓதுந்தோறும் நான் வியப்பதுண்டு. கிழிக்கப்படும் என்பதை உணர்ந்து, மூலத்தை வைத்துவிட்டுப் படியை எடுத்து வந்தவன் இறைவன்! ஆரூரர் அவினாசியிலும் திருமுருகன்பூண்டியிலும் பாடிப் பரவிய அத்தனை பதிகங்களுக்கும் வாயில் திறந்தது, ஓர் ஒப்பந்தப் பத்திரத்தின் இரண்டு பிரதிகள்.

ஓலைக்குப் பின் வந்த சாதனங்களின் வரிசை யாவரும் அறிந்ததே. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1854-இல் தபால் தலை வந்தது. 1915-இல் போத்தனூர்–பொள்ளாச்சி இரயில் பாதை எங்கள் ஊர் வழியே சென்றது. மரணச் செய்தியோடு சேர்த்தே மக்கள் நினைத்து அஞ்சிய தந்தி, 2013 ஜூலையில் நின்றே போயிற்று. ஒவ்வொன்றும் வந்த நாளில் பக்தியுள்ளவர்கள் மண்டபத்தில் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் ஏதோ ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சைவ சித்தாந்தம் இக்கேள்விக்கு எவரும் எதிர்பாராத விடை ஒன்றை வைத்திருக்கிறது. வாக்கு நால்வகை: பிறர் செவிக்குப் புலனாவது வைகரி, ஓசையின்றி நெஞ்சுக்குள் எழுத்து முறைப்பட நிற்பது மத்திமை, மயில் முட்டையின் நீரில் தோகையின் வண்ணமெல்லாம் அடங்கியிருப்பதுபோல, பிரிவுபடாது நிற்பது பைசந்தி, அதற்கும் அப்பாற்பட்டது சூக்குமை. இந்நான்கும் சுத்தமாயையின் காரியம் என்றும், ஆதலின் அவையனைத்தும் சடமே என்றும் சித்தாந்திகள் துணிந்து கூறுவர். சத்தமே பிரம்மம் என்ற கொள்கையைச் சிவஞான சித்தியாரின் பரபக்கம் மறுப்பதும் இதுபற்றியே. அறிவது உயிர், அறிவிப்பது அருள், இடையில் நிற்கும் சொல் ஒரு கருவி. சொல்லே சடமென்றால், அதைத் தாங்கும் ஓலை உயர்ந்தது, கண்ணாடித் தகடு தாழ்ந்தது என்று தரம் பிரிக்க இடமேது? பெரியவர் தவறு செய்யவில்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் அதே சித்தாந்தம் உயிரின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்றும் வகுத்திருக்கிறது. கருவி சடமாயினும், அதனோடு கூடிய உயிர் அதன் நிறத்தை ஏற்கும். ஓலைச்சுவடியை ஓதவேண்டுமானால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும் அந்தச் சிறு பொழுதில் மனம் தன்னைக் கூட்டிக்கொள்ளும். ஓதி முடித்துக் கட்டி வைத்துவிட்டால் சுவடி நம்மைக் கூப்பிடாது. கைப்பேசியோ பதிகத்தின் நான்காம் பாட்டில் நாம் நிற்கும்போதே சந்தை நிலவரத்தையும் சம்பந்தி வீட்டுச் செய்தியையும் கொண்டுவந்து நீட்டும். உறவினரின் சந்தேகத்தில் நான் மதிக்கும் பகுதி இதுதான். அவர் பொருளின் தூய்மையைக் கேட்டார், கேட்டிருக்க வேண்டியது ஓதுகிறவரின் சார்பை.

சாதனம் மாறும்போது நேரும் மெய்யான பாவம் வேறொன்று. அதை டாக்டர் உ. வே. சாமிநாதையர் கண்ணீர் மல்கும்படி எழுதியிருக்கிறார். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொன்னார்கள். சாஸ்திரப்படி செய்ததாகவும் சொன்னார்கள். சிதைந்த ஏட்டைப் புதிதாகப் பிரதி செய்துகொண்டு, அதன்பின் பழையதை அக்கினிக்கு அர்ப்பணிப்பதே ஆதி வழக்கம் என்று ஐயரவர்கள் விளக்குகிறார். காலப்போக்கில் பிரதி செய்யும் உழைப்பு மறந்துபோயிற்று. எரிக்கும் சடங்கு மட்டும் நிலைத்தது. பனையோலை நம் சீதோஷ்ணத்தில் சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. ஆகவே நாம் இன்று ஓதும் ஒவ்வொரு பழந்தமிழ்ப் பாட்டும், பெயர் தெரியாத யாரோ பல தலைமுறைகளில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து எழுத்தாணியால் கீறியதனால் வந்தது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களில் சிதறிக் கிடந்த தமிழர்கள் கூலி எதுவும் வாங்காமல் நூல்களைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றினார்களே, அவர்களையும் அந்த எழுத்தாணிக்காரர்களின் சந்ததி என்றே நான் கொள்கிறேன்.

பிரதி செய்தாலும் முழுவதும் வருவதில்லை. தில்லையில் கறையான் அரித்தது போக எஞ்சிய தேவார ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டபோது, சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண் வகுக்கப்பட்டதெனத் திருமுறை கண்ட புராணம் கூறும். அறச்சலூர்ப் பாறையிலும் அசைகள் நிற்கின்றன. அவற்றுக்கு ஆடிய பாதம் இல்லை. கொங்குநாட்டு வாய்மொழிக் கதையான அண்ணன்மார் சுவாமி கதையை 1965-இல் காங்கேயம் பக்கத்தில் பிரெண்டா பெக் என்னும் அம்மையார் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த அரிய தொண்டுக்குக் கொங்குநாடு என்றும் கடமைப்பட்டது. ஆயினும், உடுக்கை ஒலிக்கும் இரவில் வீரர்கள் மடியும் படுகளக் கட்டம் வரும்போது கூட்டத்தில் அருள் வந்து விழுகிறவரை எந்த நாடா சுற்றி வைக்கும்?

என் அப்பத்தா ஆடி மாதத்தில் பொன்மலை முருகன் மேல் ஒரு கும்மிப் பாட்டுப் பாடுவாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் கடைசி வருஷத்தில் அதை என் பழைய கைப்பேசியில் பதிவு செய்தேன். பிரதி எடுக்கவேண்டும் என்று எண்ணி எண்ணி நாளைக் கடத்தினேன். கைப்பேசி ஒரு மழைநாளில் நனைந்து உயிர்விட்டது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் கோடங்கிப்பட்டியிலிருக்கும் அத்தை வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். அத்தைக்கு மெட்டு முழுதும் நினைவிருக்கிறது. சொற்கள் பாதி இல்லை. விட்டுப்போன இடங்களில் அவள் வெறும் தந்தனம் போட்டுக் கை தட்டுகிறாள்; நான் அந்த வரிகளுக்கு இடம் விட்டு, அடுத்த வரியை எழுதுகிறேன்.