குறுக்குவழி நீக்கம் – ஓர் அறவியல் நோக்கு

குறுக்குவழி என்னும் சொல் தமிழிலே இரண்டு முகங்களை உடையது. ஒருவன் குறுக்குவழியிலே பொருள் சேர்த்தான் என்னும்போது அச்சொல் பழியைச் சுமந்து நிற்கின்றது. மலைநாட்டிலே அதே சொல் பழியேதுமின்றி வழங்குகின்றது. மாத்தளையிலிருந்து எல்கடுவை நோக்கி ஏறும் வீதி வாகனங்களின் வசதிக்கென வளைந்து வளைந்து செல்வது. அத்தகைய சரிவுகளிலே, தோட்டத்து லயங்களில் வாழ்வோர் தேயிலை நிரைகளுக்கிடையே நேரே இறங்கும் ஒற்றையடிப் பாதையால் வீதிக்கு வந்து சேர்வர். அப்பாதையை எவரும் வரைபடத்திலே வகுத்ததில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த கால்கள் தேய்த்து உண்டாக்கியது அது. மன்னார்க் கரையிலே இறங்கி, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளரின் வழித்தோன்றல்களுக்கு வழியென்பது முதலிற் காலின் ஆக்கமே.

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் காணப்படும் குறுக்குவழிகளுக்கும் தமிழ் இப்பெயரையே இட்டுள்ளது. வேண்டாத குறுக்குவழியை நீக்குதல், பழகியவர் ஒரு நிமிடத்திலே செய்து முடிக்கும் சிறு பணி. ஆயினும், திரையிலே அதனை வைத்தவர் எவர், நீக்கும் உரிமை எவருக்குரியது, நீக்கியபின் உண்மையிலே நீங்கியது யாது என வினவத் தொடங்கின் அப்பணி அத்துணை எளிதில் முடிவதில்லை.

1995ஆம் ஆண்டிலே வெளிவந்த விண்டோஸ் 95, இன்றறியப்படும் குறுக்குவழிச் சின்னத்தைப் பொதுமக்களின் திரைக்குக் கொண்டுவந்தது. சின்னத்தின் கீழ்மூலையிலே சிறு அம்புக்குறியொன்று காணப்படும். தான் பொருளன்று, பொருள் இருக்குமிடத்தைச் சுட்டுவது மாத்திரமே என்பதற்கு அது அடையாளம். உரிய நிரல் எங்கே உள்ளது என்னும் முகவரியைத் தாங்கிய சிறிய கோப்பே அச்சின்னத்தின் பின்னால் இருப்பது. அதனை அழிப்பதனால் நிரல் அழிவதில்லை. கைத்தொலைபேசியிலும் முகப்புத் திரையிலிருந்து சின்னத்தை அகற்றுதல் வேறு, செயலியையே அகற்றுதல் வேறு. சின்னம் மறைந்த பின்னரும் செயலி உள்ளிருந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்கிய தரவையும் உண்ணலாம். நாட்சம்பளத்திலிருந்து எடுத்து ‘ரீலோட்’ செய்யும் ஒருவருக்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று.

தத்துவ நூலோர் தூலாருந்ததி நியாயம் என ஒன்று கூறுவர். அருந்ததி மங்கிய விண்மீனாதலின், அதனருகேயுள்ள பெரிய விண்மீனை முதலிற் காட்டி, கண் அங்கே நிலைத்தபின் அதனை விலக்கி அருந்ததியைக் காட்டுவர். சுட்டு, தன் பணி முடிந்ததும் விலகவேண்டியது. திரையிலுள்ள சுட்டுகளோ தாமாக விலகுவதில்லை. விலக்க முயன்றால் அவற்றை வைத்தோர் சினந்தெழுவதும் உண்டு.

1996ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. கொம்பாக் நிறுவனம் தான் விற்ற ஒருவகைக் கணினிகளின் திரையிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சின்னத்தை நீக்கியபோது, விண்டோஸ் உரிமத்தையே இரத்துச் செய்யப்போவதாக மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்தது. கொம்பாக் சின்னத்தை மீண்டும் வைத்தது. 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசொப்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலே இது நீதிமன்றப் பதிவாயிற்று. 2001 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உரிமக் கட்டுப்பாடுகளிற் பலவற்றைச் சட்டத்துக்கு மாறானவை எனக் கண்டது. அடுத்த மாதமே, கணினி உற்பத்தியாளர் அச்சின்னத்தை நீக்கலாம் என மைக்ரோசொப்ட் இசைந்தது. ஒரு சிறு படத்துக்காக இத்துணைப் போராட்டமா எனச் சிரிக்கத் தோன்றலாம். பெரும்பாலானோர் கண்முன் இருப்பதையே தொடுவர் என்பதை வணிகர் தத்துவ ஆசிரியரினும் நன்கு அறிந்திருந்தனர் போலும். 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகிள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்து, முன்னரே நிறுவப்பட்ட செயலிகளைப் பயனர் அகற்றுவதைத் தடுக்கலாகாது எனப் பணித்தபோதும், 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெருநிறுவனங்கள் சிலவற்றுக்கு அதனையொத்த கடப்பாட்டை விதித்தபோதும் எழுந்த வினா ஏறத்தாழ இதுவே. விலை கொடுத்து வாங்கிய வீட்டின் முற்றத்திலே, வாங்கியவரைக் கேளாது மற்றொருவர் கடை விரிக்கலாமா?

இதனினும் கொடியது பொய்ச்சுட்டு. மாணவர் பலரும் அறிந்த ‘ஷோட்கட் வைரஸ்’ பென்டிரைவிலுள்ள கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயர்களிலேயே குறுக்குவழிகளை வைக்கும். உரியவர் தமது கோப்புறையென எண்ணித் தொட்டதும் வைரஸ் இயங்கத் தொடங்கும். இங்கே குறுக்குவழிகளை மட்டும் அழித்துப் பயனில்லை. மூலத்தை அகற்றாதவரை அவை மீண்டும் முளைக்கும். கோப்புகள் தொலைந்தன எனக் கலங்கிப் பென்டிரைவை முற்றாகத் துடைப்பவர், உள்ளே மறைந்து கிடந்த ஆய்வேட்டையும் சேர்த்தே இழப்பார். 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், சின்னத்தைத் தொடவும் வேண்டாது, அது திரையிலே தோன்றினாலே போதும் என்னும்படி குறுக்குவழிக் கோப்பின் குறையொன்றைப் பயன்படுத்தியது.

பகைவன் வைத்ததையும் வணிகன் வைத்ததையும் நீக்குவதிலே அறச்சிக்கல் அதிகமில்லை. சிக்கல் தோன்றுவது உலாவியின் புதிய பக்கத்திலேதான். ஒருவன் அடிக்கடி செல்லும் தளங்களை உலாவி தானே சின்னங்களாக நிரல்படுத்தி வைக்கின்றது. இவற்றை எவரும் திணிக்கவில்லை; சென்றவனுடைய விரலே தேய்த்த பாதை இது. ஆயின் இதனை மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதையோடு ஒப்பிடலாமா? ஓரளவுக்கே ஒப்பிடலாம். மலைப்பாதையிலே நடப்போர் நின்றுவிட்டால் மழைக்காலம் இரண்டு கழியுமுன் புல் அதனை மூடிவிடும். உலாவியின் நினைவு வேறுவகையானது. சின்னத்தை நீக்கிய பின்னரும், சென்ற இடங்களின் பதிவு தனியே எஞ்சியிருக்கும். அதனை வேறாகத் தேடி அழிக்கவேண்டும். நடந்த கால் ஒருவனுடையது, தடத்தைக் காக்கும் கை மற்றொருவருடையது.

மேலும், மலைப்பாதையும் முற்றிலும் குற்றமற்றதன்று. செங்குத்தான சரிவிலே கால் தேய்த்த தடத்தை மழைநீர் தனக்கு வாய்க்காலாக்கி மேல்மண்ணை வாரிச் செல்லும். நடந்தவரே உண்டாக்கியது என்பதனால் மட்டும் ஒரு வழி நல்வழியாகிவிடாது. பரீட்சைக் காலத்திலே மாணவனொருவன் தனது நேரத்தை உண்ணும் செயலியின் சின்னத்தை முகப்பிலிருந்து நீக்கிவிட்டு, செயலியை உள்ளேயே விட்டுவைக்கின்றான் எனக் கொள்வோமாயின், அதனை அரைத்துறவு எனச் சிலர் இகழ்வர். இகழ்ச்சி பொருத்தமானதன்று. விரல் தானாக நீளும் இடத்திலே சின்னம் இல்லாதபோது, தேடவேண்டிய அந்தச் சில கணங்களிலேதான் ‘இப்போது இது வேண்டுமா’ என்னும் வினா மனத்தில் எழ இடமுண்டாகின்றது. குறுக்குவழி அழித்தது தூரத்தை மட்டுமன்று, அவ்வினா எழுவதற்கான இடைவெளியையும் அழித்திருந்தது. மாணவன் தன் வழியைத் தானே நீளமாக்கிக்கொள்கின்றான். அது அவனுடைய வழி.

பிறருடைய திரையைத் தூய்மை செய்ய முற்படும்போது நிலைமை மாறுகின்றது. விடுமுறையிலே பேராதனையிலிருந்து மாத்தளைத் தோட்டத்து வீட்டுக்குச் செல்லும் மாணவி, தாயின் கைத்தொலைபேசி சின்னங்களால் நிரம்பியிருப்பதைக் காண்கிறாள். அவற்றுட் பல எவரோ வைத்தவை. தாய் ஒருபோதும் தொடாதவை. அவள் வாசிக்காத மொழியிலே பெயரிடப்பட்டவை. மகள் நல்லெண்ணத்தோடு நீக்கத் தொடங்குகிறாள். அவற்றுக்கிடையே, வெளிநாட்டிலுள்ள மகனை ஒரே தொடுகையில் அழைப்பதற்கான குறுக்குவழியும் ஒன்று இருக்கக்கூடும். கற்றவளுக்கு அது வெறும் சுட்டு. எண் தொலைபேசியின் பட்டியலிலே பத்திரமாக உள்ளது. பட்டியலைத் திறந்து பெயர் தேடியறியாத தாய்க்கோ, திரையின் வலப்பக்க மூலையிலுள்ள அந்த இடமே மகன். அங்கே சுட்டு வேறு பொருள் வேறு என்னும் பகுப்புச் செல்லாது. சின்னம் நீங்கினால் மகனுடைய குரலே நீங்கிவிடும். கணினி நூலறிவு கூறுவதும் தாயின் விரல் அறிந்திருப்பதும் இவ்விடத்தில் மாறுபடுகின்றன. தொலைபேசி தாயினுடையதாதலின், எது வேண்டாதது என்பதை வகுக்கும் உரிமையும் அவளுடையதே.

ஒவ்வொரு சின்னமாகக் காட்டி, “அம்மா, இது வேணுமா?” எனக் கேட்டு நீக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செல்லும். சிலவற்றைக் காட்டும்போது அவள் “இருக்கட்டும்” என்பாள், காரணம் கூறமாட்டாள்.