கலைக்கு நிறமேது என்பார்க்கு

“கலைக்கு நிறமேது? கட்டடத்தைப் பார்! கட்டியவன் கறுப்பனா, வெள்ளையனா என்று ஏன் பார்க்கிறாய்?” — இவ்வாறு கேட்போர் உளர். கேட்பதற்கு இனிமையான கேள்விதான். பரந்த மனப்பான்மையின் பாங்கு அதிலே பளிச்சிடுகிறது. ஆயினும், இனிக்கும் பேச்சையெல்லாம் ஏற்றுக் கொள்வதற்குமுன், அதை யார் பேசுகிறார், எப்போது பேசுகிறார் என்று ஆராய்வது அறிவுடையார் கடன் அன்றோ?

கட்டடக் கலையின் தலைசிறந்த விருதெனப் போற்றப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 1979ஆம் ஆண்டு தொடங்கியது. ஆப்பிரிக்க மண்ணிலே, புர்க்கினா ஃபாசோ நாட்டிலே பிறந்த பிரான்சிஸ் கெரே அதனை 2022இல் பெற்றார். “முதல் கறுப்பர்” என்று ஏடுகள் எழுதின. உடனே எழுந்தது மேற்சொன்ன கேள்வி: நிறத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நாற்பதாண்டுகளுக்கும் மேலாக ஒரு கறுப்பரும் அப்பட்டியலில் இடம்பெறாதிருந்த காலத்தில் இக்கேள்வி எங்கே உறங்கிக் கொண்டிருந்தது என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

கலைக்கு நிறமில்லை, ஒப்புக் கொள்கிறோம். ஆனால் கலைஞனுக்குக் கதவைத் திறந்தவர்கள் நிறம் பார்த்துத்தானே திறந்தார்கள்? நிறம் பார்த்துத்தானே அடைத்தார்கள்?

அமெரிக்க நாட்டுக் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ் வரலாற்றைக் காண்போம். 1894இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கட்டடக் கலை பயில விரும்புகிறேன் என்றபோது, அது உனக்கு ஆகாது என்று தடுத்தவர் யார் தெரியுமா? பள்ளி ஆசிரியர்! வெள்ளையர் உன்னிடம் வரமாட்டார், உன் இனத்தாரிடம் பணமில்லை என்பது அவர் கூறிய காரணம். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இச்செய்தி முள்ளாய்த் தைக்கிறது. மாணவன் தன் கனவைச் சொன்னபோது ஊரின் வழக்கத்தையே உலகின் விதியாக எடுத்துரைத்த ஆசிரியர் அவர் ஒருவர்தாமா?

வில்லியம்ஸ் பின்வாங்கவில்லை. 1923இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அதன்பின்னும், வரைபடத்தைத் தலைகீழாக வரையப் பழகினார் அவர்! மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் வெள்ளையருக்குப் படம் நேராகத் தெரிய வேண்டும். கறுப்பர் ஒருவரின் பக்கத்தில் நாற்காலியை நகர்த்தி அமரும் சங்கடம் அவருக்கு நேரக் கூடாது. அதற்காக! கண்டவர் அதை வித்தை என்று வியந்தனர். வித்தையா அது? ஒரு மனிதன் தன் திறமையை வெளிக்காட்டுமுன் செலுத்தியாக வேண்டியிருந்த வரி என்போம் நாம்.

ஈராயிரத்துக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு வடிவம் தந்தார் அவர். திரையுலகச் செல்வர்கள் அவரைத் தேடி வந்தனர். ஆனால் அவர் மாளிகைகள் அமைத்துக் கொடுத்த பகுதிகள் சிலவற்றில், கறுப்பர் குடியிருக்கக் கூடாதென்று நிலப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1948இல்தான், அத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு எப்போது கிடைத்தது? 2017இல். அவர் மறைந்தது 1980இல்! கல்லறைக்குப் பதக்கம் சூட்டிய பிறகு, கலைக்கு நிறமில்லை என்று பேசுவது எளிது.

நார்மா ஸ்கிலாரெக் அம்மையாரின் கதை வேறு வகை. 1954இல் நியூயார்க்கில் உரிமத் தேர்வில் வென்றார். 1959இல் அதே கழகத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரானார். பெரும் கட்டடங்களை வரைபடத்திலிருந்து மண்ணில் எழுப்பி நிறுத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தது. லாஸ் ஏஞ்சல்சில் ‘நீலத் திமிங்கிலம்’ என்று மக்கள் அழைக்கும் பசிபிக் டிசைன் சென்டர் 1975இல் எழுந்ததில் அவர் உழைப்பு உண்டு. எனினும் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது வடிவமைப்புக்குத் தலைமை ஏற்ற ஆடவரின் பெயரே. கறுப்பர் என்ற சுவர் ஒன்று, பெண் என்ற சுவர் மற்றொன்று!

ஆகவே, “கறுப்பினக் கட்டடக் கலைஞர்” என்று நாம் அழுத்திச் சொல்வது கலைக்கு வண்ணம் பூசுவதற்காக அன்று. வண்ணத்தைக் காரணமாக்கிப் பறிக்கப்பட்ட பெயரை, உரியவரிடம் திருப்பித் தருவதற்காக. வெள்ளை மாளிகைக் கட்டுமானத்தில் கறுப்பின அடிமைகளின் உழைப்பு கலந்துள்ளது என்பது வரலாறு. 2016இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பிலிப் ஃப்ரீலான், டேவிட் அட்ஜாயே முதலிய கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கியது அது. மூன்று அடுக்கு மகுடம்போல் கட்டடத்தைப் போர்த்தியிருக்கும் வெண்கல நிறப் பின்னல், தென் மாநிலங்களில் அடிமைக் கொல்லர் வார்த்த இரும்பு வேலைப்பாட்டை நினைவூட்ட அமைந்தது. பெயரின்றி மறைந்த கொல்லரின் கைத்திறன் தலைநகரின் நடுவிலே நிற்கிறது. அந்தப் பின்னலைக் கண்டு, நிறத்தை மற என்று யார் சொல்ல முடியும்?

மீண்டும் கெரேயிடம் வருவோம். பெயர் மீட்பதோடு கதை முடியவில்லை என்பதை உணர்த்துகிறது அவர் பணி.

காண்டோ என்பது அவர் பிறந்த சிற்றூர். பள்ளி இல்லாத ஊர். சிறுவனாக இருக்கையில் படிப்புக்காக வேற்றூர் அனுப்பப்பட்டார். தச்சுத் தொழில் கற்க ஜெர்மனி சென்றார். பின்னர் பெர்லினில் கட்டடக் கலை பயின்றார். படிப்பு முடியுமுன்பே, 2001இல், தம் ஊருக்குப் பள்ளி எழுப்பினார். எதனால்? மண்ணால்! சிமென்டு சிறிது கலந்து அழுத்திச் செய்த மண்கல். ஊரார் முதலில் நம்பவில்லை. மண் ஏழையின் பொருள், மழையிலே கரையும் பொருள் என்பது அவர்கள் பட்டறிவு. பள்ளியென்றால் வெள்ளையர் நாட்டுக் கட்டடம்போல் இருக்க வேண்டாவோ என்ற ஏக்கமும் உடனிருந்தது. ஆதிக்கம் விட்டுச் சென்ற அடிமைத்தனம் அது — சொந்த மண்ணையே இழிவென்று எண்ண வைப்பது.

தகரக் கூரையின்கீழ்ப் பாடம் நடத்தியவர் அறிவர், சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பாகும் விதத்தை. கெரே தகரத்தை ஒதுக்கவில்லை. உட்கூரையை இடைவெளி விட்டு மண்கல்லால் அமைத்தார். அதற்குமேல், எளிய இரும்புக் கம்பிச் சட்டங்களின்மீது தகரக் கூரையை உயர்த்தி நிறுத்தினார். அறையின் வெப்பக் காற்று உட்கூரை வழியே மேலேறி, இரு கூரைகளுக்கும் நடுவே வெளியேறுகிறது. சாளரம் வழியே குளிர்ந்த காற்று நுழைகிறது. மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம். அகன்று நீண்ட கூரை சுவரை மழையினின்று காக்கிறது. ஏழைக்கு எதற்கு அழகு, ஒதுங்க இடமிருந்தால் போதாதா என்று கேட்கும் உலகுக்கு, எழிலும் குளிர்ச்சியும் ஏழைப் பிள்ளையின் உரிமை என்று கட்டிக் காட்டினார். 2004இல் ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது.

அந்தப் பள்ளியை எழுப்பியவர் யார்? ஊர் முழுவதும்! கல் சுமந்தோர், தண்ணீர் கொணர்ந்தோர், தரையை மரக்கட்டையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திய பெண்கள். அங்கே தொழில் கற்றவர்கள் பின்னர் வேறு கட்டுமானங்களிலும் வேலை பெற்றனர். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனாலும் ஒரு நெருடல். பிரிட்ஸ்கர் பரிசு ஒருவர் பெயருக்கே வழங்கப்பட்டது. வில்லியம்சின் பெயரைப் புதைத்தவர்களைக் கண்டித்த நாவினால், தரை தட்டிய பெண்களின் பெயரைக் கேளாதிருக்க நமக்கு உரிமை உண்டா? ஊரையே உடன் வைத்துக் கட்டுவது தம் முறையென்று கெரே சொல்லி வருபவர்தாம். பரிசு தரும் உலகுக்கோ ஒரு முகம் போதும், ஒரு பெயர் போதும்.

நைஜர் நாட்டுக் கட்டடக் கலைஞர் மரியம் கமாரா இந்த இடத்தில் நம் கருத்தைக் கவர்கிறார். டண்டாஜி என்னும் சிற்றூரில் சிதைந்து கொண்டிருந்த பழைய மண் பள்ளிவாசலை இடித்துவிட எண்ணியிருந்தனர். யாசமான் எஸ்மாயிலி என்ற தோழியுடன் சேர்ந்து அவர் அதைக் காத்து, நூலகமாக்கினார்; பக்கத்திலேயே புதிய பள்ளிவாசலும் எழுந்தது. 2018இல் பணி நிறைவுற்றது. பழைய கட்டடத்தைச் சீர்செய்ய அவர் யாரை அழைத்தார்? அதை முன்பு கட்டிய கொத்தர்களையே! மண் பூச்சின் நுணுக்கம் அவர்களிடம் இருந்தது; மழை அரிப்பைத் தடுக்கும் புது முறைகளை அவர்கள் கற்றுக்கொண்டனர். பட்டம் பெற்ற பெண்மணியும் பரம்பரைக் கொத்தரும் ஒரே சுவரின் முன் நின்றனர். தொழுகை நடந்த கூடத்திலே இன்று புத்தக அடுக்குகள் நிற்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் அங்கே அமர்ந்து படிக்கின்றனர்.